பாலக்கோடு அருகே ஒரு பழைய தோட்டத்து வீடு: முன்பு குடியிருந்தவர்களை எப்படிக் கண்டறிவது?

தோட்டத்துக்காரர், பாலக்கோடு

அனைவருக்கும் வணக்கம். பாலக்கோடு வட்டத்தில் எங்கள் குடும்பத் தோட்டத்தில் ஒரு பழைய ஓட்டு வீடு இருக்கிறது. என் தாத்தா அதை நிலத்தோடு சேர்த்து விலைக்கு வாங்கினார் என்பது மட்டுமே எங்கள் வீட்டில் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் செய்தி. யாரிடம் வாங்கினார், அவர்களுக்கு முன்பு யார் இருந்தார்கள், கட்டியவர் யார் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை வருகிறது. மிட்டாதார் (சிறு ஜமீன்தார்) கட்டிய வீடு என்பார் பெரியப்பா. திப்பு சுல்தான் படையின் குதிரைகள் இங்கேதான் கட்டப்பட்டிருந்தன என்பார் அத்தை. கூரை ஓட்டில் 1865 என்று அச்சாகியிருப்பதால் அந்த ஆண்டே வீடு கட்டிய ஆண்டு என்று பங்காளிகள் முடிவு செய்து, கிரகப்பிரவேசப் பத்திரிகை வந்ததுபோல் பேசுகிறார்கள்.

வீட்டின் நடுவில் சிறிய தொட்டிமுற்றம், நாற்புறமும் தாழ்வாரம். சுவர் கருங்கல்லை மண்சேற்றில் அடுக்கிக் கட்டியது; மேலே சுண்ணாம்புக் காரை. வாசலுக்கு நேர் எதிரே, திண்ணையின் விளிம்பு ஏறி மறைக்கும் இடத்தில், கேழ்வரகு கொட்டி வைக்கும் குழி ஒன்று இருக்கிறது. ஓர் ஆள் இறங்கும் அளவுக்கு வாய், அதன்மேல் ஒரு கல் மூடி. மாட்டுக் கொட்டகையின் உத்தரம் மரமன்று, தண்டவாளத் துண்டு. தானியம் வைக்கும் அறையின் உட்சுவரில் கரியால் எழுதிய கணக்கு வரிசை வரிசையாக இருக்கிறது; எண்கள் கன்னட எழுத்தில் உள்ளன. எங்கள் வீட்டில் கன்னடம் படித்தவர் எவரும் இருந்ததில்லை. கிணற்றருகே கவலைக்கு, அதாவது மாடு கட்டி நீர் இறைப்பதற்கு, நட்ட இரண்டு கல்தூண்களும் அப்படியே நிற்கின்றன.

ஒழுகுவதால் கூரையைப் பிரித்து மாற்ற வேண்டிய நிலை. பிரித்தபின் பார்க்க முடியாமல் போகக்கூடியவை எவை, எதை முதலில் பதிவு செய்து வைக்க வேண்டும் என்று அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

கட்டடப் பொறியாளர், ஓசூர்

முதலில் அந்த ஓட்டை இறக்கி, அடிப்பக்கத்தைப் படம் எடுத்து வையுங்கள். மங்களூரில் பாசல் மிஷன் என்ற கிறித்தவ ஊழிய அமைப்பின் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கப்பட்ட ஆண்டு 1865. அவர்கள் தங்கள் ஓட்டில் தொழிற்சாலை தொடங்கிய ஆண்டையே பெயரோடு சேர்த்து அச்சிட்டார்கள். ஓடு சுட்ட ஆண்டை அன்று. ஆல்புகர்க் நிறுவனத்தின் ஓட்டில் 1868 இருப்பதும் இப்படித்தான். தமிழ்நாட்டில் பாதி ஓட்டு வீடுகளுக்கு இந்த இரண்டு ஆண்டுகளில் ஒன்றே பிறந்த ஆண்டாகச் சொல்லப்படுவதை நான் கேட்டிருக்கிறேன். எழுத்துகளை முழுதும் படியுங்கள். பாசல் மிஷனின் தொழிற்சாலைகள் முதல் உலகப் போருக்குப் பின் காமன்வெல்த் டிரஸ்ட் என்ற நிறுவனத்தின் கைக்கு மாறின. அந்தப் பெயர் இருந்தால் ஓடு அதற்குப் பிந்தையது என்று துணிந்து சொல்லலாம்.

ஓட்டின் வயது கூரையின் வயதே தவிர, சுவரின் வயது அன்று. ஓடு இறக்கியதும் சுவரின் தலைப்பகுதியைக் கவனியுங்கள். இப்படி ஆலையில் செய்த சீமை ஓட்டுக்கு அறுத்த சட்டமும் ரீப்பரும் சீரான இடைவெளியில் வேண்டும். நாட்டு ஓட்டுக்கோ கூரைப் புல்லுக்கோ மூங்கிலும் உருட்டு மரமும் போதும். முன்பு வேறு கூரை இருந்திருந்தால், பழைய கைமரங்கள் அமர்ந்திருந்த பள்ளங்கள் கல்லும் காரையும் இட்டு அடைக்கப்பட்டிருக்கும். அவற்றின் இடைவெளி இப்போதைய சட்டங்களோடு பொருந்தாது. வேலையாட்கள் முதல் நாளிலேயே அதன்மேல் சிமெண்ட் பூசிவிடுவார்கள். அதற்கு முன் நீங்கள் ஏணியில் ஏறியாக வேண்டும்.

தண்டவாளத்தின் இடைத்தகட்டில் தயாரித்த ஆலையின் பெயரும் ஆண்டும் புடைப்பெழுத்தாக இருப்பது வழக்கம். துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்தால் தெரியும். அது கொட்டகையின் ஆண்டு ஆகாது. அதற்கு முன்பு அந்த உத்தரம் ஏறியிருக்க முடியாது என்பதற்கு மட்டும் சான்று. மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906இல் குறுகிய இருப்புப்பாதை போடப்பட்டு, 1913இல் ஓசூர் வரை நீண்டது. திருப்பத்தூர் கிருஷ்ணகிரிப் பாதை 1905இல் வந்தது. இரண்டும் 1940களின் தொடக்கத்துக்குள் மூடப்பட்டுவிட்டன. உங்கள் கொட்டகைக்கு வந்த துண்டு அந்தப் பாதையின் மிச்சமாக இருக்கலாம். பழைய இரும்பு எங்கிருந்தும் வந்து சேரும் என்பதால் எடையையும் உயரத்தையும் அளந்து பார்க்காமல் நான் உறுதி சொல்ல மாட்டேன்.

ஓய்வுபெற்ற நில அளவர், அரூர்

பொறியாளர் ஐயா சொன்னவை வீட்டைப் பற்றியவை. ஆட்களைத் தேடுகிறவர் நிலத்தின் வழியே போவதுதான் முறை, ஏனென்றால் பட்டா நிலத்துக்குள் நிற்கிற தோட்டத்து வீட்டுக்கு நத்தம், அதாவது ஊர்க் குடியிருப்பு நிலத்து வீடுகளைப்போல் தனிப் பதிவு கிடையாது. கிராமக் கணக்கில் அது நிலத்தின் புல எண்ணுக்குள் மறைந்து கிடக்கும்.

இன்றைய பட்டாவில் இருக்கும் எண்ணை வைத்துக்கொண்டு நேராகப் பழைய பதிவேட்டைப் புரட்டினால் ஒன்றும் கிடைக்காது. நம் மாநிலத்தில் 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், அதாவது எல்லோரும் யு.டி.ஆர். என்று சொல்வதில், உட்பிரிவுகள் மாறின. பல இடங்களில் அனுபோகத்தில் இருந்தவர் பெயரே பட்டாவில் ஏறியது. ஆகவே முதலில் யு.டி.ஆருக்கு முந்தைய 'அ' பதிவேட்டின், அதாவது புல எண் வாரியான கிராம நிலப் பதிவேட்டின், நகலைப் பெறுங்கள். அதிலிருந்து, நிலத்துக்குத் தீர்வை நிர்ணயித்தபோது எழுதிய பழைய செட்டில்மெண்ட் பதிவேட்டுக்குப் போங்கள். பழைய புலப்படம் கிடைத்தால் விடாதீர்கள். சங்கிலி, கண்ணி அளவில் போட்ட அந்தப் படங்களில் கிணறும் பாதையும் கட்டடமும் குறிக்கப்பட்டிருப்பதுண்டு. கிணறு இருந்து வீடு இல்லாத படம் ஒன்று கையில் கிடைத்தால், நூறு வாய்மொழிக் கதைகளைவிட அது மேல்.

அடுத்தது சார்பதிவாளர் அலுவலகம். கணினியில் வில்லங்கச் சான்று கிடைக்கும் காலத்துக்கு முந்தைய ஆண்டுகளுக்குக் கையால் தேடும் மனு கொடுக்க வேண்டும். உங்கள் தாத்தாவின் கிரயப் பத்திரத்தைப் பாருங்கள். அதில் மூலப்பத்திரத்தின் எண்ணும் ஆண்டும் எழுதியிருப்பார்கள். அந்த நூலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பத்திரமாகப் பின்னோக்கிப் போகலாம். சொத்து விவரத்தை எழுத்தெண்ணிப் படியுங்கள். "இதில் உள்ள கவலைக் கிணறு, புளியமரம், கட்டுக்கோப்பு உட்பட" என்று எழுதும் இடத்தில்தான் வீடு முதன்முதலாகத் தலைகாட்டும்.

கர்ணம் என்ற கிராமக் கணக்கர் பதவி 1980இல் ஒழிக்கப்பட்டபோது கணக்குகள் முழுமையாகக் கை மாறாத ஊர்களும் உண்டு. பழைய கர்ணம் குடும்பத்தார் இன்னும் ஊரில் இருந்தால், பணிவாகப் போய்க் கேட்டுப் பாருங்கள்.

வரலாற்று ஆசிரியை, தருமபுரி

இந்த மாவட்டத்தில் திப்புவின் குதிரை கட்டாத தோட்டத்தையும், மன்றோ தங்காத பழைய பங்களாவையும் நான் இன்னும் பார்க்கவில்லை. கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது.

மிட்டாதார் கதையைச் சற்றுப் பொறுமையாகப் பார்க்கலாம். 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி பாராமகால் என்ற இந்தப் பகுதி கிழக்கிந்தியக் கும்பினியார் வசம் வந்தது. அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழ் தாமஸ் மன்றோவும் 1799 வரை இங்கே நிலத்தை அளந்து, குடியானவரிடம் நேரடியாகத் தீர்வை வாங்கும் ரயத்துவாரி முறைக்கு அடித்தளம் போட்டார்கள். அவர்கள் போனபின், 1802ஐ ஒட்டிய ஆண்டுகளில், கிராமங்களைத் தொகுத்து மிட்டாக்களாக்கி ஏலம் விட்டார்கள். தீர்வை கட்ட முடியாமல் பல மிட்டாக்கள் சில ஆண்டுகளிலேயே சர்க்காருக்குத் திரும்பின. எஞ்சியவை 1948ஆம் ஆண்டு எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வரை நீடித்தன. எனவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: உங்கள் கிராமம் செட்டில்மெண்ட் காலத்தில் மிட்டாவா, ரயத்துவாரியா? ரயத்துவாரி என்றால் பெரியப்பாவின் மிட்டாதார் அநேகமாக அந்த ஊரில் வசதியாக இருந்த ஒரு குடியானவராகத்தான் இருப்பார். வசதியுள்ளவரை மிட்டாதார் என்று அழைப்பது சேலம் வரைக்கும் உள்ள வழக்கம்.

1876 முதல் 1878 வரை நீடித்த பஞ்சத்தையும் மறக்காதீர்கள். அன்றைய சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை 1871இல் ஏறத்தாழ 19 இலட்சத்து 67 ஆயிரமாக இருந்து, 1881இல் 16 இலட்சமாகக் குறைந்தது. அந்தப் பத்தாண்டுகளுக்குப் பின் பல நிலங்களுக்கு முற்றிலும் புதிய பெயர்கள் வருகின்றன. செத்தவர் நிலமும் ஊரைவிட்டுப் போனவர் நிலமும் தரகாஸ்தில், அதாவது சர்க்காரிடம் மனுப்போட்டுப் பெறும் முறையில், வேறொருவருக்குப் போயிருக்கும். அதற்கு முன்பும் பின்பும் ஒரே குடும்பம் இருந்ததாகக் காகிதம் இல்லாமல் எழுத வேண்டாம்.

கேழ்வரகுக் குழி பற்றி ஒரு சொல். திண்ணை அதன் விளிம்பை மறைக்கிறது என்கிறீர்கள். புதிதாகக் குழி வெட்டுகிறவர் திண்ணைக்கு அடியில் வெட்ட மாட்டார். குழி முந்தியது, திண்ணை பிந்தியது என்றே எனக்குப் படுகிறது.

தோட்டத்துக்காரர், பாலக்கோடு

மூவருக்கும் நன்றி. கிடைத்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

ஓட்டில் இருப்பது பாசல் மிஷன் பெயர்தான். ஆனால் பின்புறத் தாழ்வாரத்தில் ஒரு பகுதி மட்டும் காமன்வெல்த் டிரஸ்ட் ஓடு. முற்றத்தின் வடக்குச் சுவரின் தலையில் அடைபட்ட பள்ளங்கள் தெளிவாகத் தெரிகின்றன. ஒரு பள்ளத்துக்குள் கரையான் தின்றது போக மூங்கில் சிராய் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. தண்டவாளத்தில் ஆலைப் பெயர் துருவில் போய்விட்டது. ஆண்டின் கடைசி எண்ணும் தெரியவில்லை.

தாத்தா வாங்கிய ஆண்டு 1943. விற்றவர் கிருஷ்ணகிரியில் தானிய மண்டி வைத்திருந்த ஒருவர். அவர் 1929இல் வாங்கிய பத்திரத்தில் "சீமை ஓடு வேய்ந்த வீடும் கவலைக் கிணறும் களமும்" என்று இருக்கிறது. அவருக்கு விற்றவர் அதே ஊர்க் குடியானவர். அவரே 1911இல் அந்நிலத்தை அடமானம் வைத்த பத்திரமும் அகப்பட்டது. அதில் "கிணறும் கொட்டாயும்" என்று மட்டுமே கண்டிருக்கிறது. கிராமம் ரயத்துவாரி. ஆகவே மிட்டாதார் போய்விட்டார். பெரியப்பா இரண்டு நாள் பேசவில்லை.

கட்டடப் பொறியாளர், ஓசூர்

அப்படியானால் 1911க்கும் 1929க்கும் இடையில் ஓடு ஏறியிருக்கிறது. பள்ளங்களைப் பார்க்கும்போது சுவர் அதற்கு முந்தையது. அதாவது 1911இன் "கொட்டாய்" என்பது இதே கல்சுவர், மேலே மூங்கிலும் புல்லும். பின்புறத் தாழ்வாரம் பிறகு சேர்த்தது அல்லது பழுது பார்த்தது.

ஓய்வுபெற்ற நில அளவர், அரூர்

இதே கல்சுவர் என்பதை நான் அவ்வளவு விரைவாக ஏற்க மாட்டேன். ஓடு போடும்போது முற்றத்தைச் சுற்றிய மூன்று பக்கமும் புதிதாகக் கட்டி, வடக்குச் சுவரை மட்டும் பழையபடி விட்டிருக்கலாம். பள்ளங்கள் வடக்கில் மட்டும்தானே இருக்கின்றன? மற்ற மூன்று சுவர்களிலும் கல் அடுக்கிய விதத்தையும், மூலையில் கற்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்திருக்கின்றனவா, ஒட்டி மட்டும் நிற்கின்றனவா என்பதையும் பாருங்கள். கோத்திருந்தால் ஒரே காலம். ஒட்டி நின்றால் இரண்டு காலம்.

காரிமங்கலம் வாசகர்

இந்த இழையைத் தொடக்கத்திலிருந்து படித்து வருகிறேன். ஒன்று கேட்க வேண்டும். அடமானம் வைத்தவர், வாங்கிய மண்டிக்காரர், வாங்கிய தாத்தா என்று மூன்று உரிமையாளர்களைக் கண்டுபிடித்துவிட்டீர்கள். தலைப்பில் கேட்டது குடியிருந்தவர்களை அல்லவா? கிருஷ்ணகிரியில் மண்டி வைத்திருந்தவர் 1929 முதல் 1943 வரை பாலக்கோட்டுத் தோட்டத்தில் குடியிருந்தாரா? இருந்திருக்க மாட்டார். அந்த 14 ஆண்டுகள் அந்த வீட்டில் அடுப்பு மூட்டியது யார்?

என் பாட்டனார் இந்தப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் படியாளாக, தானியக் கூலிக்கு உழைப்பவராக, இருந்தவர். கவலை ஓட்டியது, மாடு கட்டியது, களத்தில் காவல் படுத்தது எல்லாம் அவர். தோட்டத்து வீட்டின் பின்புறத் தாழ்வாரத்தில் என் தந்தை பிறந்தார். அந்தத் தோட்டத்தின் எந்தப் பத்திரத்திலும் அவர்கள் பெயர் கிடையாது. சர்வே எண்ணும் கிணறும் புளியமரமும் எழுதப்பட்டிருக்கின்றன. வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்குக்கு, உழுதவர், படிக்கு உழைத்தவர், ஆடு மேய்த்துப் பட்டி போட்டவர் என்று ஒரு தோட்டத்தில் வாழ்ந்தவர்களில் பெரும்பாலோர் இப்படித்தான். பஞ்ச காலத்துக்குப் பின் கோலார் தங்க வயலுக்குப் போன குடும்பங்களைத் தேடினாலும் இங்கே பட்டாவில் அவர்கள் பெயரைப் பார்க்க முடியாது.

உங்கள் தோட்டத்தை அடுத்துச் சிறு குடியிருப்பு ஏதும் இருக்கிறதா? நம் பக்கத்தில் கொட்டாய் என்று முடியும் குக்கிராமங்களில் பல, ஒரு தோட்டத்து வீட்டைச் சுற்றி ஆட்கள் குடிசை போட்டதில் தொடங்கியவை. அங்கே போய்க் கேளுங்கள். அவர்களுக்கு உங்கள் வீட்டைப் பற்றி உங்களைவிட அதிகம் தெரிந்திருக்கும்.

தோட்டத்துக்காரர், பாலக்கோடு

நீங்கள் கேட்டது நியாயம். தோட்டத்தின் தெற்கு வரப்பை ஒட்டிச் சில வீடுகள் உள்ளன; சிறுவயது முதல் அவர்களோடு பழகியும் இதை நான் கேட்டதில்லை. சென்ற வாரம் அங்கே வயதில் மூத்த ஓர் அம்மாளிடம் உட்கார்ந்து பேசினேன். அவருடைய மாமனாரின் குடும்பம் மண்டிக்காரர் காலத்தில் அந்த வீட்டுக்குள்ளேயே இருந்து, வாரத்துக்குப் பயிர் செய்தது. எங்கள் தாத்தா வாங்கியதும் அவர்களை வீட்டை விட்டு இறக்கித் தெற்கு வரப்பில் குடிசை போட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். "உன் தாத்தா நல்லவர்தான் சாமி, ஆனா அந்தக் குழியில இருந்த கேவுறு எங்களது" என்றார் அவர். இதை எங்கள் வீட்டில் எவரும் சொன்னதில்லை.

சுவரில் உள்ள கணக்கு பற்றியும் கேட்டேன். அறுவடை முடிந்ததும் மண்டியிலிருந்து ஒரு கணக்கப்பிள்ளை வந்து, வள்ளத்தால் அளந்து, அளக்க அளக்கச் சுவரில் குறிப்பார் என்று மாமனார் சொல்லக் கேட்டிருக்கிறார். ஒரு வரிசையில் எண்கள் இரண்டு பத்தியாகப் பிரிந்திருப்பது மேல்வாரம் (நிலத்துக்காரர் பங்கு), குடிவாரம் (பயிரிட்டவர் பங்கு) என்ற பிரிவாக இருக்குமோ?

வடகிழக்கு மூலையில் ஒரு கல் நிற்கிறது. வில்லேந்திய வீரன் உருவம், காலடியில் நாய். அதை வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறை பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்து பொங்கல் வைத்துப் போகிறது. 1911இல் அடமானம் வைத்தவரின் வம்சம் அவர்கள்தான் என்று அந்த அம்மாள் சொல்கிறார்.

மூலைகளையும் பார்த்தேன். வடக்குச் சுவர் மற்ற சுவர்களோடு கோக்கவில்லை, ஒட்டித்தான் நிற்கிறது.

வரலாற்று ஆசிரியை, தருமபுரி

கோக்காத மூலை நில அளவர் ஐயாவின் பக்கம் சாய்கிறது. பழைய கொட்டாயின் எச்சம் வடக்குச் சுவரும் அந்தக் குழியும். மற்றவை ஓடு ஏறிய காலத்தவை.

கன்னட எண்களை வைத்துக் கணக்கப்பிள்ளை எந்தச் சமூகத்தவர் என்று ஊகிக்க வேண்டாம். தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து புழங்கிய பகுதி இது; கணக்கு எழுதும் மொழியும் வீட்டில் பேசும் மொழியும் ஒன்றாக இருக்கவேண்டிய கட்டாயமில்லை. இரண்டு பத்திகளின் விகிதத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். எல்லா வரிசையிலும் ஒரே விகிதம் வந்தால் வாரப் பங்கு என்ற ஊகம் வலுப்பெறும். பக்கவாட்டில் விளக்கு வைத்துப் படம் எடுத்தால் மங்கிய கோடுகளும் தெரியும். சுண்ணாம்பு அடிக்கிறவர் கை படாமல் அந்த அறையைப் பூட்டி வையுங்கள்.

நடுகல்லை வீட்டின் வயதோடு முடிச்சுப் போடாதீர்கள். பல்லவர் காலத்து வட்டெழுத்து நடுகற்கள் முதல் பல நூற்றாண்டு பிந்தியவை வரை நம் இரு மாவட்டங்களிலும் வயலுக்கு வயல் கிடக்கின்றன. உழவு செய்ய வந்தவர்கள் அங்கே ஏற்கெனவே நின்ற வீரனைத் தங்கள் தெய்வமாக ஏற்றிருப்பார்கள். கல்லில் எழுத்து தென்பட்டால் எண்ணெய் தடவாமல், மாவு பூசாமல் தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். பென்னாகரத்துக் குடும்பம் அடுத்த முறை வரும்போது, 1911 பத்திரத்தின் நகலை அவர்களிடம் காட்டுங்கள். தந்தை பெயரும் பாட்டன் பெயரும் அதில் இருக்குமே. பொருந்துகிறதா என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.

காரிமங்கலம் வாசகர்

அந்த அம்மாளின் பேச்சை அவர் சொற்களிலேயே ஒலிப்பதிவு செய்து, அவருக்கும் ஒரு படி கொடுங்கள். குழியில் இருந்த கேழ்வரகு பற்றிய வாக்கியத்தை மட்டும் "மெருகேற்றி" எழுதிவிட வேண்டாம்.

ஓய்வுபெற்ற நில அளவர், அரூர்

தெற்கு வரப்பில் குடியிருப்பவர்களுக்கும் காகிதம் இருக்கும். விவசாயத் தொழிலாளரும் வாரக்குடிகளும் தாம் குடியிருந்த மனைக்கு உரிமை பெற வழி செய்த சட்டம் 1971இல் வந்தது. அதன்படி அவர்களுக்கு மனை கிடைத்திருந்தால், வட்டாட்சியர் அலுவலகக் கோப்பில் குடியிருந்தவர் பெயரும் தந்தை பெயரும் எத்தனை காலமாக அனுபவம் என்பதும் பதிவாகியிருக்கும். தோட்டத்துப் பத்திரங்களில் இல்லாத பெயர்கள் அங்கேதான் முதன்முதலாகக் காகிதத்தில் ஏறும். அவர்கள் சம்மதித்தால் அவர்கள் பெயரிலேயே நகலுக்கு மனுச் செய்யச் சொல்லுங்கள். உரியவர் கேட்டால் விரைவில் கிடைக்கும்.

இன்னொன்று: நில உச்சவரம்புச் சட்டம் 1961இல் 30 நிலையான ஏக்கர் என்று வைத்தது, 1970இல் அது 15 ஆகக் குறைந்தது. வரம்பைத் தாண்டாமலிருக்க உங்கள் தாத்தா அந்த ஆண்டுகளை ஒட்டிப் பாகப்பிரிவினை எழுதியிருந்தால் அதையும் எடுத்துப் பாருங்கள். வீடு எந்த மகன் பங்கில் போனது, கொட்டகை தனியே காட்டப்பட்டிருக்கிறதா என்று அதில் தெரியும். தண்டவாளத்தில் ஆண்டு அழிந்துபோனதற்கு அது ஓரளவு ஈடு செய்யும்.

தோட்டத்துக்காரர், பாலக்கோடு

பாகப்பத்திரம் பெரியப்பாவின் இரும்புப் பெட்டியில் இருக்கிறது. 1943க்கு முன் அந்த வீட்டில் வாழ்ந்த வாரக்குடிக் குடும்பத்தைப் பற்றிக் கேட்டதும், அவர் மிட்டாதாரை விட்டுவிட்டு அந்தக் குடும்பத்துப் பெரியவரின் பெயரைத் தானாகவே சொன்னார். அந்த அம்மாள் சொன்ன பெயரும் அதுவே. பெட்டியைத் திறக்க வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். மனை நகலுக்கான மனுவை அம்மாளின் மகன் எழுதிக்கொண்டிருக்கிறார். கூரை வேலையை வடக்குச் சுவரைத் தொடாமல் தெற்கிலிருந்து தொடங்கச் சொல்லிவிட்டேன்.